நீச்சல் தெரியாதவருக்கும் சுறா தரிசனம்

இன்று மதியம் பாளையங்கோட்டையில் ஒரு டிராவல்ஸுக்குப் போனேன். மாலத்தீவில் ஒரு வாரம் படகிலேயே தங்கி, கடலுக்குள் முங்கி சுறா பார்க்கும் பயணம் பற்றி விசாரிக்கத்தான்.

"சுறா கட்டாயம் வரும், நான் பொறுப்பு" என்றார் அங்கிருந்த அண்ணாச்சி.

அப்போதே சந்தேகம் வந்துவிட்டது. நான் ஸ்கூபா பயிற்சி முடித்தவளா என்று அவர் கேட்கவே இல்லை. சோதித்துப் பார்க்க, "எனக்கு நீச்சலே தெரியாதே அண்ணாச்சி" என்று பொய் சொன்னேன்.

"அதுக்கென்னம்மா? படகுல ஏறினதும் சொல்லிக் குடுத்துருவாவ. சிலிண்டர மாட்டுனா மூச்சு அதுபாட்டுக்கு வரும்லா."

பக்கத்தில் ஒரு புதுமணத் தம்பதி அதே பயணத்துக்குப் பெயர் கொடுத்துக்கொண்டிருந்தார்கள். அந்தப் பெண்ணின் முகத்தில் பயம் அப்படியே தெரிந்தது. மனசு கேட்கவில்லை. அவர்கள் வெளியே வந்ததும் பின்னாலேயே போனேன்.

"நான் நெறைய தடவ முங்கியிருக்கேன். பயிற்சி இல்லாம அங்கன இறங்குனா உயிருக்கே ஆபத்து. போகாதீங்க."

மாப்பிள்ளை என்னை மேலும் கீழும் பார்த்தான்.

"இப்பதான உள்ள நீச்சலே தெரியாதுன்னு சொன்னிய? நீங்க எந்தக் கம்பெனி ஆளு?"

அவள் மட்டும் பைய என் நம்பரை வாங்கிக்கொண்டாள். இன்னும் அழைக்கவில்லை.

புதுமாப்பிள்ளையிடம் பேசிப் புரியவைக்கத் தெரிந்தவர்கள் யாராவது இருக்கிறீர்களா? எனக்குச் சுறாவே தேவலை போலிருக்கிறது.