மாமாவை இருத்திய ட்ரெய்னர்

எண்பதுகளின் நடுவில் நானும் அம்மாவும் சுவிட்சர்லாந்தின் பீல் நகருக்கு வந்து சேர்ந்தபோது, அம்மாவின் தம்பி அங்கே கடிகாரத் தொழிற்சாலை ஒன்றில் வேலை செய்துகொண்டு, ஞாயிற்றுக்கிழமைகளில் பேஸ்போல் ஆடிக்கொண்டிருந்தார். அப்படி ஒரு விளையாட்டு இருப்பது எங்களுக்கு மட்டுமல்ல, பீலில் இருந்த சுவிஸ்காரர் பலருக்கே தெரியாது. தொழிற்சாலைக்கு வந்த அமெரிக்க எஞ்சினியர் ஒருவர் ஊர் நினைவு தாங்காமல் ஆள் சேர்த்து உருவாக்கிய அணி அது. மாமா யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடக் கிரிக்கெட் அணிக்குத் தலைவராக இருந்தவர் என்று கேள்விப்பட்டதும் அவரையும் பிடித்து இழுத்துக்கொண்டார்.

முதல் ஆட்டத்தில் மாமா பந்தை அடித்துவிட்டு, கிரிக்கெட் பழக்கத்தில் மட்டையையும் கையோடு கொண்டு ஓடினாராம். இன்னொரு முறை பந்தைப் பின்பக்கமாக அழகாகத் தட்டிவிட்டுப் பெருமையோடு நிமிர்ந்தாராம். அது இங்கே கணக்கிலேயே இல்லை என்றார்களாம். இதையெல்லாம் அவரே சொல்லிச் சொல்லிச் சிரிப்பார். நாங்கள் வந்தபோதோ அணியில் நன்றாக அடிப்பவர் அவர்தான்.

பிறகு அமெரிக்கர் தன் நாட்டுக்குத் திரும்பிவிட்டார். மாமா ஒரு நாள் வீட்டுக்கு வந்து, தன்னை 'ஸ்பீலர்ட்ரெய்னர்' ஆக்கிவிட்டார்கள் என்றார். ஸ்பீலர் என்றால் ஆடுகிறவர், ட்ரெய்னர் என்றால் ஆட்டுவிக்கிறவர் என்று, பள்ளிக்கூடத்தில் ஜெர்மன் படிக்கத் தொடங்கியிருந்த நான் அம்மாவுக்கு விளங்கப்படுத்தினேன்.

"ரெண்டும் ஒரே ஆளோ?" என்றார் அம்மா.

"ஓம் அக்கா. ஆர் ஆடுறது, ஆர் வெளியில இருக்கிறது எண்டு இனி நான்தான் சொல்லவேணும்."

"அப்ப உன்னை ஒருத்தரும் நிப்பாட்டேலாது" என்று அம்மா திருப்திப்பட்டார். எனக்கும் அது நல்ல ஏற்பாடாகத்தான் பட்டது. வகுப்பில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன்.

அந்தக் கோடையின் கடைசி ஆட்டத்துக்கு அம்மா மீன் கட்லட் பொரித்து எடுத்துக்கொண்டு என்னையும் கூட்டிப்போனார். எதிரணியில் பந்து எறிந்தவன் நெடிய, மெலிந்த இளைஞன். அவன் கை எப்போது சுழன்றது, பந்து எப்போது வந்தது என்று எனக்குத் தெரியவில்லை. மாமாவுக்கும் தெரியவில்லை போலும். அவர் அடிக்கப் போன முறையெல்லாம் மட்டை காற்றைத்தான் அடித்தது.

கடைசியில், இன்னும் ஒருவர் ஆட்டமிழந்தால் எல்லாம் முடிந்தது என்ற நிலை வந்தது. எங்கள் அணி ஒரு ஓட்டம் பின்தங்கியிருந்தது. எங்கள் ஆட்கள் இரண்டு பேர் மைதானத்துக்குள் 'பேஸ்' என்கிற சாக்கு ஒவ்வொன்றின்மேல் ஆளுக்கொரு கால் வைத்து, யாராவது அடித்தால் ஓடலாம் என்று காத்து நின்றார்கள். அடுத்தது மாமாவின் முறை. கைதட்டச் சொல்லி அம்மா என்னை இடித்தார்.

மாமா மட்டையோடு பாதித் தூரம் போனார். நின்றார். பந்து எறிகிறவனைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு அம்பயரிடம் ஏதோ சொல்லிவிட்டுத் திரும்பி, ஓரத்தில் வாங்குப் பலகையில் இருந்த ஒருவரைக் கூப்பிட்டார். அந்த ஆள் பஸ் சாரதி, அணிக்குப் புதியவர். அவர் தலையைத் தலையை ஆட்டி மறுத்தார். மாமா மட்டையை அவர் கையில் திணித்துவிட்டு வந்து வாங்கில் இருந்தார்.

அம்மா எழுந்து மைதானத்தின் எல்லைக் கோட்டுக்கே போய்விட்டார்.

"ஆர் உன்னை வெளியில வரச் சொன்னது?"

"ட்ரெய்னர், அக்கா."

"ஆரடா ட்ரெய்னர்?"

"நான்தான்."

அம்மாவுக்கு அதற்குமேல் யாரோடு சண்டைபிடிப்பது என்று தெரியவில்லை.

சாரதி முதல் பந்தைத் தவறவிட்டார். அடுத்ததை அடித்தார். பந்து இரண்டு பேருக்கு நடுவால் புல்லில் உருண்டுபோக, காத்து நின்ற இருவரும் ஓடி வந்து சேர்ந்தார்கள். வென்றுவிட்டோம். எல்லோரும் சாரதியின் மேல் பாய்ந்து விழுந்தார்கள். சிலர் மாமாவிடம் வந்து முதுகில் தட்டினார்கள். அவர் எல்லோரையும்விடப் பலமாகக் கைதட்டினார். ஆனால் முகம் வென்ற ஆளின் முகமாக இல்லை. தோற்றுவிட்டோமோ, எனக்குத்தான் விளங்கவில்லையோ என்று நான் பலகையில் எழுதியிருந்த எண்களைத் திரும்பவும் பார்த்தேன்.

அதன் பிறகு பல வருடங்கள் மாமா அந்த அணிக்கு ட்ரெய்னராக இருந்தார். ட்ரெய்னராக மட்டும். எதிரணிகள்கூட அவரைப் பற்றி மரியாதையாகப் பேசுமாம். ஆனால் மட்டையோடு அவரை மைதானத்துக்குள் நான் பிறகு பார்க்கவில்லை.

அன்று வீட்டுக்குப் போகும் பஸ்ஸில் அவர் என் பக்கத்தில் இருந்தார். அம்மா முன் இருக்கையில், திரும்பிப் பார்க்காமல் வந்தார். பாதி வழியில் மாமா மெல்லச் சொன்னார்:

"நான் நிண்டிருந்தாலும் அடிச்சிருப்பன்."

"அப்ப ஏன் மாமா நிக்கேல்லை?"

"ட்ரெய்னர் விடேல்லை."

பகிடியாக்கும் என்று பார்த்தேன். அவர் சிரிக்கவில்லை.

"ட்ரெய்னரோட கோவமோ?"

"ஓம். சரியான கோவம்."

"அவர் செய்தது பிழையோ?"

மாமா யன்னலுக்கு வெளியே பார்த்தபடி இருந்தார். "இல்லையம்மா" என்றார். "சரிதான்."

சரியாகச் செய்த ஒருவரோடு எதற்குக் கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. அந்த ட்ரெய்னரிடம் போய், மாமாவிடம் ஒரு மன்னிப்புக் கேட்கச் சொல்லலாம் என்றுகூட நினைத்தேன். ஆனால் யாரை யாரிடம் அனுப்புவது என்று தெரியாமல், இறங்கும் இடம் வரும்வரை மாமாவின் முகத்தையே பார்த்துக்கொண்டு வந்தேன்.