குழைந்து கூப்பிட்டால் வராத குட்டிகள்

கத்திவாக்கத்தில் எங்கள் வீட்டுக்குப் பின்னால் ஒரு பழைய படகு கவிழ்ந்து கிடக்கிறது. போன வருடம் அதற்கடியில் இரண்டு பூனைகள் அடுத்தடுத்துக் குட்டி போட்டன. தாய்ப் பூனைகள் என்னைப் பார்த்தாலே சீறும். ஐந்து குட்டிகளும் என் நிழல் தெரிந்தாலே உள்ளே ஓடிவிடும்.

தினமும் இறால் உரித்ததும் தலைகளை ஒரு தட்டில் வைத்து, இல்லாத குழைவெல்லாம் குரலில் வரவழைத்து, "வாடா கண்ணு, வாம்மா" என்று கூப்பிட்டேன். ஒன்றுகூட எட்டிப் பார்க்கவில்லை. நான் வீட்டுக்குள் போனபிறகுதான் தட்டு காலியாகும்.

ஒருநாள் காக்கை வந்து தட்டைக் கவிழ்த்துவிட்டது. எனக்குப் பொறுக்கவில்லை. "இன்னாத்துக்கு இப்டி பேஜாரு பண்ணிகினு கீறீங்க? துன்றதுன்னா வந்து துன்னுங்க" என்று கத்தினேன். படகுக்கடியிலிருந்து ஒரு குட்டி வந்தது. பின்னாலேயே மற்றவையும் வந்தன. கடைசியில் தாய்கள் இரண்டும் வந்து என் காலருகே உட்கார்ந்தன.

வலை தைத்துக்கொண்டிருந்த என் வீட்டுக்காரர் தலை நிமிராமலே சொன்னார்: "பொறந்ததிலேர்ந்து அதுங்க உன் கூச்சலத்தான கேட்டுகினு கீது. கொஞ்சினா வேற யாரோன்னு நினைச்சிக்குது."

என் வாய்க்குப் பயந்து இந்தத் தெருவே ஒதுங்கிப் போகும். பெற்ற மகளே போனைக் காதிலிருந்து தள்ளிப் பிடித்துத்தான் பேசுவாள். அந்தக் குரலைக் கேட்டு ஓடி வர எனக்கு ஏழு உயிர் இருக்கிறது. தினமும் காலையில் தட்டோடு போய், மனசுக்குள் அவற்றுக்கு ஒரு கும்பிடு போட்டுவிட்டுத்தான் கத்த ஆரம்பிக்கிறேன்.