மணியின் அடியில் ஒரு நோட்டு

கரிமுகத்து ஐயனே, கண்டதைக் கண்டபடி எழுத அருள்வாய்.

அன்று ஆடி வெள்ளி. புதுக்கோட்டையில் ஒரு பூசைப் பொருள் கடையில் வரிசையில் நின்றிருந்தேன். கல்லாவில் இருந்த பெண்மணிக்கு நெற்றி நிறையக் குங்குமம், முகம் நிறையச் சிரிப்பு. வாங்கும் நோட்டைக் கணக்கு முடியும்வரை பெட்டியில் போடாமல், ஒரு வெண்கல மணியின் அடியில் வைப்பது அவர் வழக்கம். பணம் குறைந்தால் அவர் சம்பளத்தில்தான் பிடிப்பார்களாம்.

எனக்கு முன் நின்றவர் இருபது ரூபாய்க் கற்பூரத்துக்கு ஐந்நூறு கொடுத்தார். மீதியைக் கையில் வாங்கியதும், "அட, சில்லறை இருக்கே! இந்தாங்க இருபது. என் நோட்டைக் குடுங்க, கூட்டம் நிக்குது" என்று அவசரப்படுத்தினார்.

"கூட்டம் நிக்கட்டும்ணே. மொதல்ல நான் குடுத்த மீதியை இங்கிட்டு வைங்க."

அவர் வைத்ததை அம்மையார் நிதானமாக எண்ணினார். "நூறு கொறையுதே?"

"சரியாத்தானே வச்சேன்!"

"ஒங்க சட்டைப்பையில எட்டிப் பாக்குது பாருங்க."

வரிசையே சிரித்தது. நூறு திரும்பி வந்த பிறகுதான் ஐந்நூறு ரூபாய் நோட்டு மணியை விட்டு நகர்ந்தது. "அடுத்த வெள்ளிக்கும் வாங்கண்ணே" என்று அவரை வழியனுப்பினார். ஏமாற்ற வந்தவரையும் முகம் கோணாமல் அழைக்கும் அந்த மனம் எப்படி வாய்த்ததோ, இன்றும் வியக்கிறேன்.

இதைப் படிப்போர் யாவரும் விழிப்பும் மலர்ச்சியும் குன்றாமல் இறையருளால் நீடு வாழ்க.