முகம் இல்லாத படம்

வகுப்பில் அவளுக்குப் பூனை என்று பெயர். வந்தாலும் தெரியாது, போனாலும் தெரியாது. விடுதியில் அறைத் தோழிகள் இருவரும் ஒரே ஊர். அவர்கள் பேச்சுக்குள் இவளால் நுழைய முடிந்ததில்லை. நர்சிங் படிக்க வந்தபின் அவளிடம் நாலு வார்த்தை சேர்ந்தாற்போல் பேசியவர், கேன்சர் வார்டில் ஜன்னலோரம் படுத்திருந்த பஸ் டிரைவர் ஒருவர்தான்.

"வாம்மா பூனை! ஊசி எனக்கு, நடுக்கம் உனக்கா?" என்பார்.

ஒருநாள் நாடி பார்க்கையில் தன் கைக்குள் இருந்த அவர் கையைப் படமெடுத்தாள். "எடுத்துக்கோ" என்றார். ஊருக்கே காட்டப்போகிறாள் என்று அவர் நினைக்கவில்லை, அவளும் கேட்கவில்லை. மணிக்கட்டுப் பட்டையில் இருந்த பெயரை மறைத்து, 'கேன்சர் வார்டில் என் முதல் நண்பர்' என்று போட்டாள். லைக் குவிந்தது. யார் யாரோ பகிர்ந்தார்கள். கடைசியில் டிரைவரின் மகள் கண்ணில் பட்டது. நிறைமாதக்காரி. அவளுக்குத் தெரியக்கூடாதென்றே அவர் நோயை மறைத்து வைத்திருந்தார்.

"முகமே தெரியலையே மேடம்" என்றாள் பூனை, கூப்பிட்டு விசாரித்த நர்சிங் டியூட்டரிடம்.

"பெத்த அப்பனோட வளைஞ்ச சுண்டுவிரல் மகளுக்குத் தெரியாதா? முதல்ல போட்ட படத்தை நீக்கு. அவர்கிட்ட மன்னிப்புக் கேளு. அவர் சரின்னாதான் இனி அந்தக் கட்டில்ல உனக்கு டியூட்டி."

கேட்டாள். அவர் ஜன்னலைப் பார்த்தபடியே சொன்னார்.

"குழந்தை பொறந்ததும் பக்கத்துல உக்காந்து நானே சொல்லணும்னு இருந்தேன். இப்ப போன்ல கதறி அழறா. நீ நல்ல பொண்ணுதாம்மா. ஆனா இனிமே உன்கிட்ட வாயைத் திறக்கவே பயமா இருக்கு. வேற யாரையாவது அனுப்பச் சொல்லு."

மறுநாளே அவளை எலும்பு முறிவு வார்டுக்கு மாற்றிவிட்டார்கள்.

சாயங்காலம் அம்மா போனில் கூப்பிட்டாள். "அந்தக் கைப் படத்தை எங்கடி காணோம்? பக்கத்து வீட்டு அத்தைக்குக் காட்டலாம்னு பார்த்தேன்."

"எடுத்துட்டேன்மா."

"ஏன், என்னாச்சு?"

தொண்டை வரை வந்துவிட்டது. தன் கதையைச் சொன்னால் அவர் கதையையும் சொல்லியாக வேண்டும். விழுங்கிக்கொண்டாள்.

"வார்டுல நடக்கறதை வெளிய சொல்லக்கூடாதும்மா."

"என்கிட்டகூடவா?"

"ஆமாம்மா."

"அடேங்கப்பா! பெரிய நர்சம்மா ஆயிட்ட போ!" அம்மா பெருமையாகச் சிரித்தாள்.

அறைத் தோழிகளும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். போனை வைத்துவிட்டுச் சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.