அறுநூற்றைப் பார்த்துப் பயந்த வாரம்

என் கால் இரண்டும் நீளம். பிள்ளை குளிப்பாட்டவே செய்த கால் என்று மேனாம்பேட்டில் எங்கள் தெருவே சொல்லும். மணையில் உட்கார்ந்து காலை நீட்டிக் குழந்தையைக் கிடத்தினால், தலை என் கணுக்காலுக்கு நடுவில் சரியாகப் போய் உட்காரும். தெருவில் பாதி இப்போது அடுக்குமாடி. அங்கே கம்ப்யூட்டர் வேலை பார்க்கிற பெண்களும் குழந்தை குளிப்பாட்ட என்னை லிஃப்டில் ஏற்றி அழைத்துப் போவார்கள். லிஃப்ட் என்றால் எனக்கு ரொம்பப் பிடிக்கும், அதில் இருக்கிற கண்ணாடிக்காக.

அப்படிப்பட்ட நான், என் மகள் பெற்ற குழந்தையை ஒரு வாரம் தொடாமல் இருந்தேன்.

காரணம் ஒரு காகிதம். எனக்கு எச்ஐவி இருக்கிறது. என் வீட்டுக்காரர் எனக்கு விட்டுப்போனது இரண்டு. ஒன்று என் மகள், இன்னொன்று இது. அவர் போய் ரொம்ப வருஷம் ஆகிறது. தினமும் ஒரு மாத்திரை. சாயங்கால சீரியலின் பாட்டு ஆரம்பித்ததும் என் கை தானாக டப்பாவுக்குப் போய்விடும். தொட்டால் ஒட்டாது என்று ஆஸ்பத்திரியில் சொல்லியிருந்ததால்தான் ஊர்க் குழந்தைகளையெல்லாம் தைரியமாகக் காலில் போட்டேன்.

எழுத்து எனக்குத் தெரியாது. ஆனால் பஸ் பிடித்துப் பிடித்து எண்கள் தெரியும். போன தடவை ரத்தம் பார்த்த காகிதத்தில் எண் நாலில் தொடங்கியது. இந்தத் தடவை ஆறில். நானூறு அறுநூறாகிவிட்டது. எனக்குச் சர்க்கரையும் இருக்கிறது. சர்க்கரை எண் ஏறினால் டாக்டரிடம் திட்டு. பிரஷர் ஏறினால் உப்பு கட். ஏறின எண்ணைப் பார்த்து யாரும் எனக்கு நல்ல வார்த்தை சொன்னதில்லை. காகிதத்தைக் கொடுத்த அம்மாவிடம் கேட்கக்கூட வாய் வரவில்லை. ஆவடியில் ரயில் ஏறினேன். திருமுல்லைவாயில் தாண்டுவதற்குள் முடிவு பண்ணிவிட்டேன், கிருமி நிரம்பி வழிகிறது என்று. வழிகிறது என்றால் தொட்டாலும் ஒட்டும்தானே? காகிதத்தை அரிசி டிரம்மில் ஒளித்து வைத்தேன்.

மகளிடம் முட்டி வலி என்றேன். பின் தெருவில் இருந்து ஒரு பெண்ணை வரவழைத்தேன். அவள் குழந்தையின் கண்ணில் சோப்பை விட்டாள், அது அழுது ஊரைக் கூட்டியது. நான் கதவுக்குப் பின்னால் கையைப் பிசைந்துகொண்டு நின்றேன். நாலு நாள் பார்த்த மகள் ஐந்தாம் நாள் கேட்டுவிட்டாள்.

"ஊர்ல கீற கொழந்தைக்கெல்லாம் கால நீட்டுற. உன் பேத்தின்னா மட்டும் முட்டி வலிக்குதா? பொண்ணா பொறந்துட்டான்னு தானே?"

அது நெஞ்சில் தைத்தது. அரிசிக்குள் கையை விட்டுக் காகிதத்தை எடுத்துக் கொடுத்தேன். என் நோய் அவளுக்குத் தெரியும், இந்த எண் அவளுக்கும் புரியவில்லை. காகிதத்தை மடித்து என் கையிலேயே திணித்தாள். பிறகு, "நாளைக்குப் போய் கேட்டுகினு வா. கேக்காம ஊட்டுக்குள்ள கால் வெக்காத" என்றாள். குரலில் கோபம் இறங்கியிருந்தது.

ஆஸ்பத்திரியில் எங்களுக்கு விவரம் சொல்லிக்கொடுக்கிற பெண் ஒருத்தி உண்டு. காகிதத்தைப் பார்த்துச் சிரித்தாள்.

"சுகர் ஏறினா கெட்டது. இது ஏறினா நல்லதும்மா. இது கிருமியோட எண்ணிக்கை இல்ல."

பிறகு நான் எங்கே வேலை பார்த்தேன் என்று கேட்டாள். அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு கம்பெனியில் பேக்கிங் என்றேன். சரி, உடம்பும் ஒரு கம்பெனி என்று வைத்துக்கொள் என்று ஆரம்பித்தாள். ரத்தத்தில் சிடி ஃபோர் என்று சில அணுக்கள், அவர்கள்தான் சூப்பர்வைசர்கள். அவர்கள் விசிலடித்தால்தான் மற்றவர்கள் ஒழுங்காக வேலை செய்வார்கள். கேட்டில் நிற்கிற வாட்ச்மேன் அணு, புதிதாக வந்த ஆளைப் பிடித்து நேரே சூப்பர்வைசரிடம் கொண்டுபோவான். அது அவன் வேலை. இந்தக் கிருமிக்கு வேண்டியதும் அதுதான். பிடித்துக்கொண்டு போகிறவன் தோளிலேயே சவாரி செய்து, சூப்பர்வைசருக்குள் புகுந்து, அங்கேயே பெருகி, அவரைச் சாகடிக்கும். அவர் போனால் அடியாள் அணுக்கள் யாரை அடிப்பது என்று தெரியாமல் ஓடி ஓடிக் களைத்துவிடுவார்கள். கிருமியைக் கட்ட வலை பின்னுகிறவர்கள் உதவாத வலையாகப் பின்னித் தள்ளுவார்கள். குப்பை கூட்டுகிறவர்கள் கிருமியை விழுங்கிவிட்டு, சாகாமல், அதை மடியில் வைத்துக்கொண்டே திரிவார்கள். எங்கள் கம்பெனியில் சூப்பர்வைசர் அம்மை போட்டு லீவில் போன வாரம் அப்படியேதான் இருந்தது. நட்டு டப்பாவில் போல்ட்டைப் போட்டு அனுப்பிவிட்டோம்.

"உங்களுக்கு சூப்பர்வைசர் நானூறுல இருந்து அறுநூறு ஆயிட்டாங்க" என்றாள். அதாவது கடுகளவு ரத்தத்தில்.

"அப்ப கிருமி எங்க கீது?"

"தூங்குது. சூப்பர்வைசர்லயே சில பேரு வேலை முடிஞ்சு போய் படுத்திருப்பாங்க. அவங்களுக்குள்ள அதுவும் படுத்திருக்கு. மாத்திரை அங்க போய் அத ஒண்ணும் பண்ண முடியாது. நீங்க நிறுத்தினா எந்திரிச்சிடும், நிறுத்தலைன்னா தூங்கிட்டே இருக்கும்."

குழந்தையைக் குளிப்பாட்டலாமா என்று கேட்டேன். நானூறு இருந்தபோதும் குளிப்பாட்டியிருக்கலாம், இருநூறு இருந்திருந்தாலும் குளிப்பாட்டியிருக்கலாம், தொட்டால் வருகிற நோயே இல்லை இது என்று தலையில் அடித்துக்கொண்டாள். அடுத்த முறை வரும்போது குழந்தையின் போட்டோ கொண்டுவரச் சொன்னாள்.

ரயிலில் ஜன்னலோரம் கிடைத்தது. கண் சொக்கியது. எனக்குள்ளேயே நான் நடந்து போகிறேன். சிவப்பாக வெளிச்சம், தரையெல்லாம் மெத்து மெத்தென்று. அறுநூறு பேர் நீலச் சட்டையில் வரிசையாக நின்று, வா பெரிம்மா என்கிறார்கள். கடைசியில் ஒரு நீளமான அறை. சுவரோரம் சிலர் துண்டை விரித்துப் படுத்திருக்கிறார்கள். ஒவ்வொருவர் வயிற்றின் மேலும் ஒரு சின்னப் பூனை மாதிரி அது சுருண்டு கிடக்கிறது. எனக்கு அதன் மேல் கோபம் வரவில்லை. நுனிக்காலில் நடந்து கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்தேன். முழித்துப் பார்த்தால் அம்பத்தூர்.

வீட்டில் மகள் வாசற்படியிலேயே நின்றாள். ஏறினால் நல்லதாம் என்றேன். உள்ளே போய் மணையைப் போட்டாள். வெந்நீர் ஏற்கெனவே விளாவி வைத்திருந்தாள், கள்ளி.

காலை நீட்டினேன். பேத்தி என் கால் மேல் கிடந்து கொட்டாவி விட்டாள். எண்ணெய் தேய்த்த அவள் தொடை வழுக்கியது. முதல் சொம்புக்கு உதட்டைப் பிதுக்கினாள், இரண்டாவதுக்குக் கண் செருகினாள், அப்படியே தூங்கிவிட்டாள். மேலே இவள் தூங்குகிறாள், உள்ளே அவர்கள் தூங்குகிறார்கள். யாரையும் எழுப்பிவிடாமல் மெதுவாக ஊற்றினேன்.