ட்ரிப் நாகேந்திரத்தின் ஞாயிற்றுக்கிழமைகள்

வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் அந்த ஒழுங்கையில் நாகேந்திரம் வீடு எது என்று கேட்டால், "எந்த நாகேந்திரம்?" என்பார்கள். ட்ரிப் நாகேந்திரம் என்றால் உடனே மூன்றாம் மாடியைக் காட்டுவார்கள்.

புதுக்கடை நீதிமன்றப் பக்கம் ஒரு சட்டத்தரணியிடம் இருபத்தாறு வருடமாகக் கிளாக்கர். ஐம்பத்து நாலு வயது. மெலிந்த தேகம், வேகமான நடை. எதையும் முடித்தறியாத மனிதர். தேநீரில் பாதி கிளாசிலேயே நிற்கும். பேப்பரில் தலைப்புகளோடு சரி. ஒருமுறை சலூனில் ஒரு கன்னம் மழித்தபடி, மறு கன்னத்தில் சோப்போடு எழும்பி வந்தார். வீதியில் ஜீப் சத்தம் கேட்டதாம். யாராவது ஒரு வசனத்தைத் தொடங்கினால் அது முடிவதற்குள் அவருடைய கால் படியில் இருக்கும்.

இப்படிப்பட்டவர் 2008ஆம் ஆண்டில் மாதத்துக்கு இரண்டு ஞாயிறாவது குடும்பத்தோடு உல்லாசப் பயணம் போனார். காலையில் வான் வந்து நிற்கும். பின்கண்ணாடியில் கரம் போர்டைச் சாய்த்து வைப்பார், வெளியில் நன்றாகத் தெரியும்படி. பக்கத்தில் காற்றடித்த நீல ரப்பர் வளையம். மனைவி பாலேஸ்வரி சோற்றுப் பார்சல்களோடு ஏறுவாள். பன்னிரண்டும் ஒன்பதும் வயதான இரண்டு பெண்பிள்ளைகளும் துவாய்களைக் கழுத்தில் போட்டுக்கொண்டு குதிப்பார்கள்.

இரண்டாம் மாடி இரத்தினம்மா இதையெல்லாம் பல்கனியிலிருந்து பார்த்துக்கொண்டிருப்பாள். பார்ப்பதோடு நிற்கவும் மாட்டாள்.

"அங்க வன்னியில சனம் பங்கருக்குள்ள கிடக்குது. இவைக்கு ஞாயிறு எண்டா நீச்சலும் கரமும்."

மெல்லச் சொல்லுகிற பழக்கம் அவளுக்கு இல்லை. நாகேந்திரம் அண்ணாந்து பார்த்துச் சிரித்துவிட்டு வானில் ஏறுவார். பதில் சொல்லலாம். சொன்னால் அருந்ததியைப் பற்றிச் சொல்ல வேண்டி வரும்.

அருந்ததி அவருடைய தங்கையின் மகள். இருபத்து நாலு வயது. கிளிநொச்சி முகவரி போட்ட அடையாள அட்டையோடு நாலு மாதத்துக்கு முன்னர் வந்து சேர்ந்தவள். கணவன் சுவிஸில். அவனிடம் போவதற்கான நேர்முகத்துக்காகக் காத்திருந்தாள். கொழும்பில் வந்து தங்குகிற தமிழர் எல்லோரும் பொலிஸில் பெயர் பதிந்து, முத்திரை குத்திய தாளொன்றை வீட்டில் வைத்திருக்க வேண்டும். நாகேந்திரம் மூன்று தரம் போனார். கிளிநொச்சியிலிருந்து கிராம அலுவலரின் கடிதம் கொண்டு வா என்றார்கள். அவள் வந்த பாதை அதற்குள் மூடிக் கிடந்தது. நாலாம் தரம் போக அவருக்குப் பயம். அடிக்கடி கேட்கப் போய், இவள் யார் என்று யாராவது யோசிக்கத் தொடங்கினால்?

ஆகவே அவர் வேறொரு வழி பிடித்தார். நீதிமன்ற வாசலில் நிற்கிறவனுக்குக் காற்று எந்தப் பக்கம் அடிக்கிறது என்பது முதலில் தெரியும். எந்த ஞாயிறு எந்தப் பகுதியில் சுற்றிவளைப்பு வரலாம் என்று வெள்ளிக்கிழமையே மோப்பம் பிடிப்பார். வெள்ளவத்தை என்று மணந்தால் வானுக்குச் சொல்லிவிடுவார். வீட்டில் ஆள் இல்லாவிட்டால் யாரைப் பிடிப்பார்கள்? கரம் போர்டோடு குளிக்கப் போகிற குடும்பத்தை எந்தக் காவலரணில் இறக்கிச் சோதிப்பார்கள்? ஏழு ஞாயிறுகள் அந்தக் கணக்குப் பிழைக்கவில்லை. சிப்பாய்கள் போர்டைப் பார்ப்பார்கள், பிள்ளைகளைப் பார்ப்பார்கள், கையை அசைத்துப் போகச் சொல்வார்கள். நடு இருக்கையில் ரப்பர் வளையத்தைக் கட்டிப் பிடித்தபடி அருந்ததி இருப்பாள்.

எட்டாவது ஞாயிற்றின் கதைதான் இது. அடுத்துவந்த புதன்கிழமை அவளுக்குத் தூதரகத்தில் நேர்முகம். வெள்ளவத்தையிலிருந்து அங்கே போகும் வழியில் மூன்று காவலரண்கள். முத்திரை இல்லாமல் ஒன்றில் மறித்தாலும் போதும், அந்தத் திகதி போய்விடும். அடுத்த திகதி எப்போது என்று யாருக்கும் தெரியாது.

"புதன்கிழமை தூதரகத்துக்கும் கரம் போர்டையே கொண்டு போகப் போறியள்?" என்று பாலேஸ்வரி கேட்டாள்.

"பகிடி விடாதையப்பா," என்றார். ஆனால் அதையும் ஒருமுறை யோசித்துப் பார்த்திருந்தார்.

வெள்ளி பின்னேரம் நீதிமன்றத்துக்கு முன்னால் பற்றிக்கின் போட்டோக்கொப்பிக் கடையில் தேநீர். பற்றிக் கொட்டாஞ்சேனைக்காரன். கிழமை நாட்களில் கொப்பி அடிப்பான், ஞாயிறுகளில் தமையனின் வானை ஓட்டுவான். நாகேந்திரம் ஏறுகிற வான் அதுதான்.

"அண்ணன், வெள்ளவத்தைக்கு எண்டு ரெண்டாயிரம் கொப்பி அடிச்சிக் குடுத்தன். பொலிஸ் ஆள் ஒருத்தர் வந்தார். ஞாயித்துக்கிழமை வேலையாம். அது வந்து..."

அது வந்து என்ன என்பதைக் கேட்க நாகேந்திரம் அங்கே இல்லை. அரைக் கிளாஸ் தேநீர் மேசையில் ஆவி விட்டுக்கொண்டிருந்தது. இரவு பற்றிக்குக்கு அவருடைய போன் வந்தது: "பற்றிக், ஞாயிறு காலமை ஆறு மணிக்கு வானைக் கொண்டு வாரும்."

வானுக்குள் ஒரு சட்டம் உண்டு. பொலிஸ், ஆமி, பதிவு, இது ஒன்றும் கதைக்கக் கூடாது. பிள்ளைகள் கேட்பார்கள், காவலரணில் உளறுவார்கள். பற்றிக் சட்டத்தை மதிக்கிறவன். களனிப் பாலம் தாண்டி, சீதுவை தாண்டி, ஒரு மணித்தியாலத்துக்கு மேல் கிரிக்கெட்டையும் மீன் விலையையும் பற்றிக் கதைத்துக்கொண்டு ஓட்டினான்.

போய்ச் சேருமிடம் ஒரு பழைய ஆடைத் தொழிற்சாலை. தொழிற்சாலை மூடப்பட்டதும் யாரோ ஒரு முதலாளி கூரையை வைத்துக்கொண்டு உள்ளே நீச்சல் தடாகம் கட்டிவிட்டார். மூன்று சறுக்குகள், மேலேயிருந்து தண்ணீர் கொட்டுகிற ஒரு பெரிய வாளி, குளோரின் மணம், தகரக் கூரையில் மோதித் திரும்பும் பிள்ளைகளின் கூச்சல். மேல்மாடியில் விளையாட்டு மண்டபம்: கரம், லூடோ, பிங்பொங். குடும்பத்துக்கு ஒரு டிக்கட், மாலை வரை இருக்கலாம். அங்கேயே கரம் போர்ட் இருக்க எதற்கு வீட்டிலிருந்து காவுகிறார் என்று பற்றிக் ஒருமுறை கேட்டான். "உவையின்ர போர்ட் ஒரு பக்கம் சரிவு," என்றார் நாகேந்திரம்.

முந்திய ஏழு தடவையும் அருந்ததி படியில் இருந்து காலை மட்டும் நனைத்தவள். இந்த முறை பெரிய சறுக்கில் ஏறினாள். சுடிதாரோடு சறுக்கி, தண்ணீரில் விழுந்து, மூக்கைச் சிந்திக்கொண்டு திரும்பவும் ஏறினாள். சின்னவள் எண்ணிக்கொண்டிருந்தாள்: பதினொரு தரம்.

நாகேந்திரம் தடாகத்தைச் சுற்றி நடந்தார். வாசலைப் பார்த்தார், மணியைப் பார்த்தார், போனை எடுத்து அது வேலை செய்கிறதா என்று பார்த்தார்.

"அப்பா, நீங்களும் இறங்குங்கோவன்," என்றாள் பெரியவள்.

"பொறு, பொறு, வாறன்."

எட்டு ஞாயிறாக அவர் வந்துகொண்டேயிருந்தார். கால்சட்டையின் மடிப்புக்கூட நனையவில்லை.

மத்தியானம் மேல்மாடியில் கரம். ஒரு பக்கம் அருந்ததியும் சின்னவளும், மறு பக்கம் நாகேந்திரமும் பெரியவளும். மற்றவர்கள் கதிரையில், அவர் மட்டும் நின்றபடி. அருந்ததி விரலில் பவுடரைத் தடவி, ஸ்ட்ரைக்கரை வைத்து, கண்ணை இடுக்கி அடித்தாள். காய் ஓடிப்போய் மூலையில் விழுந்தது. அடுத்ததும் விழுந்தது.

"எங்கயடி பழகினனி?" என்று பாலேஸ்வரி வாய் பிளந்தாள்.

"பங்கர் வாசல்ல, மாமி. அங்க வேற என்ன வேலை? குண்டு போட கிபிர் பிளேன் வந்தால் உள்ளுக்க ஓடுவம். போர்ட் அதிர்ந்து காயெல்லாம் கலைஞ்சு போகும். பிறகு வந்து எல்லாத்தையும் இருந்தபடியே திருப்பி வைச்சு விளையாடுவம். எனக்கு இடம் மறக்காது. நான் சொன்னா ஒருத்தரும் சண்டைக்கு வரமாட்டினம்."

நாகேந்திரத்தின் முறை வந்தது. சிவப்புக் காய் அவருடைய வலது மூலைக்கு நேரே இருந்தது, ஒரு சின்னத் தட்டில் போய் விழக்கூடியதாக. அவர் ஸ்ட்ரைக்கரை எடுத்தார். அந்நேரம் பற்றிக் சோற்றுப் பார்சலோடு மேலே வந்தான். பக்கத்து மேசையில் இருந்து பிரித்தான். வாயில் ஒரு கவளம் வைத்தபடி சாதாரணமாகக் கேட்டான்:

"அண்ணன், இங்க வானுக்குள்ள இல்லைதானே, கேக்கலாமா? உங்க வீட்டில எல்லாருக்கும் பதிவு முடிஞ்சுதா? இண்டைக்கு அங்க பதியிறாங்க, நீங்க என்னண்டா இங்க வந்திட்டீங்க."

"எங்க பதியினம்?"

"வெள்ளவத்தையில. அண்டைக்குச் சொன்னனே, ரெண்டாயிரம் கொப்பி. பதிவுப் படிவம் அது. வடக்கால வந்து பதியாத ஆக்களுக்கு எண்டு. அடையாள அட்டை போதுமாம், வேற கடிதம் ஒண்டும் தேவையில்லையாம். சொல்லி முடிக்கிறதுக்குள்ள நீங்க பஸ்ஸுக்கு ஓடிட்டீங்க."

ஸ்ட்ரைக்கர் நாகேந்திரத்தின் கையிலேயே இருந்தது. நாலு மாதமாக அவர் எந்த முத்திரைக்காக நித்திரை கொள்ளவில்லையோ, அதை வீட்டு வாசலுக்குக் கொண்டு வந்திருக்கிறார்கள். அவர் வீட்டைப் பூட்டிவிட்டு இருபது மைல் தூரம் ஓடி வந்திருக்கிறார்.

போனை எடுத்தார். இரத்தினம்மாவின் குரல் மேசையில் இருந்தவர்களுக்கெல்லாம் கேட்டது.

"எங்க நிக்கிறியள்? ரெண்டு தரம் கதவைத் தட்டினன். பள்ளிக்கூட மண்டபத்தில மேசை போட்டிருக்கு. ஐஞ்சு மணி மட்டும்தானாம். உங்கட மருமகளுக்குப் பதிவில்லை எண்டு எனக்குத் தெரியாதெண்டு நினைச்சியளோ? நாலு மாசமா அந்தப் பிள்ளை பல்கனிக்கு வரேல்லை. கெதியா வாங்கோ."

மணி ஒன்றரை. நாகேந்திரம் நின்ற இடத்திலேயே இரண்டு அடி முன்னும் இரண்டு அடி பின்னுமாக நடந்தார்.

"போறதோ விடுறதோ? பதிவு எண்டு கூப்பிட்டுப்போட்டு ஆளை ஏத்தினால்? கிளிநொச்சி அட்டையை நாங்களாக் கொண்டு போய் நீட்டுறதே? புதன் மட்டும் எங்கையாவது வைச்சிருக்கலாம். தெஹிவளையில ஒரு ஆள் இருக்கிறார்..."

"மாமா," என்றாள் அருந்ததி. "ஐஞ்சு மணிக்கு மேசையை எடுத்திடுவினம். நீங்கள் வராட்டி நான் பற்றிக் அண்ணனோட போறன். எட்டு ஞாயிறு உந்த வளையத்தைக் கட்டிப் பிடிச்சது காணும்."

அவள் குரலை உயர்த்தவில்லை. பாலேஸ்வரி அதற்குள் துவாய்களைப் பைக்குள் திணிக்கத் தொடங்கிவிட்டாள்.

"ஐயோ, ஆட்டம்!" என்று பெரியவள் கத்தினாள். "அப்பாவின்ர முறை! சிவப்பு விழப்போகுது!"

அருந்ததி போர்டின் மேல் குனிந்தாள். ஒரு நிமிடம் அசையாமல் பார்த்தாள். பிறகு காய்களை அள்ளிப் பைக்குள் போட்டாள்.

"பாத்திட்டன். வீட்ட போய் வைப்பம்."

திரும்பிய பயணத்தில் நாகேந்திரம் பற்றிக்குக்குப் பக்கத்தில் இருந்து, இல்லாத பிரேக்கையும் இல்லாத அக்சிலரேட்டரையும் மிதித்துக்கொண்டே வந்தார். பேலியகொடையில் லொறி ஒன்று குறுக்கே நின்றது. களனிப் பாலத்தில் வரிசை. சிப்பாய் கரம் போர்டைப் பார்த்துக் கையை அசைத்தான். காலி வீதிக்கு வந்தபோது நாலே கால். பம்பலப்பிட்டியில் நாலரை.

"அண்ணன், உங்கட காலால வான் ஓடாது," என்றான் பற்றிக்.

பள்ளிக்கூட வாசலில் வரிசை மதிலோரமாக வளைந்து நின்றது. நாலு ஐம்பது. கடைசியில் நின்றால் நடவாது என்பது பார்த்தவுடனே தெரிந்தது. நாகேந்திரத்தின் முகம் விழுந்துபோயிற்று. அப்போது வரிசையின் முன்பக்கத்திலிருந்து ஒரு கை உயர்ந்தது. இரத்தினம்மா! காலையிலேயே தன் பதிவை முடித்தவள், இவர்களுக்காக இரண்டாம் தரம் வந்து வரிசையில் நின்றிருந்தாள். அவளுக்கு முன்னால் ஆறு பேர்தான்.

"வாங்கோ வாங்கோ. நீச்சல் காய்ஞ்சுதோ?" என்றாள். பிறகு அருந்ததியின் ஈரத் தலையைத் தன் முந்தானையாலேயே துடைத்தாள். "முழங்கால் போச்சு எனக்கு. இனி நான் சொன்னதை ஒண்டும் மனசில வைச்சிருக்காதையுங்கோ, கிளாக்கர்."

மேசையில் இருந்த அதிகாரி களைத்துப்போயிருந்தார். அடையாள அட்டையைப் புரட்டினார். கிளிநொச்சி என்ற இடத்தில் விரல் நின்றது. ஏன் இவ்வளவு நேரம் என்று சிங்களத்தில் கேட்டார். இருபத்தாறு வருடம் நீதிமன்றத்தில் பழகிய சிங்களத்தில் நாகேந்திரம் தொடங்கினார்: உறவுக்காரர் ஒருவரின் மரணவீடு, நீர்கொழும்புப் பக்கம், வாகனம் வேறு...

அதிகாரி அவரைப் பார்க்கவில்லை. படிவத்தில் கையெழுத்து வைக்கக் குனிந்திருந்த அருந்ததியின் விரல்களைப் பார்த்தார். தண்ணீரில் ஊறிச் சுருங்கிய விரல்கள். நுனிகளில் வெள்ளைப் பவுடர்.

இது என்ன என்றார்.

"கரம்," என்றாள் அருந்ததி.

அதிகாரி மரணவீட்டுக்காரரை நிமிர்ந்து ஒரு பார்வை பார்த்தார். பிறகு அவளிடம் கேட்டார்: "கவுத தினுவே?" யார் வென்றது என்று கேட்கிறார்.

நாலு மாதத்தில் சின்னவளிடம் பொறுக்கிய சிங்களத்தில் அவள் சொன்னாள்: "தாம இவர நே." இன்னும் முடியவில்லை.

அவருடைய உதட்டில் ஏதோ அசைந்தது, சிரிப்பு என்று சொல்ல முடியாது. முத்திரையை எடுத்துக் குத்தினார். அடுத்த ஆள் என்றார்.

அந்தத் தாளை நாகேந்திரம் சட்டைப் பைக்குள் வைத்தார், எடுத்துப் பார்த்தார், திரும்ப வைத்தார். ஒழுங்கையில் ஏறும்போது ஐந்து தரம் எடுத்துப் பார்த்திருப்பார். பாலேஸ்வரிதான் பிடுங்கிக் கதவுக்குப் பின்னால் தொங்கிய பைக்குள், மற்றத் தாள்களோடு சேர்த்து வைத்தாள்.

அருந்ததி விறாந்தை மேசையில் போர்டை வைத்தாள். பவுடர் தூவினாள். கறுப்பு நாலு, வெள்ளை மூன்று, ஒவ்வொன்றையும் யோசிக்காமல் வைத்தாள். கடைசியாகச் சிவப்பை அவருடைய வலது மூலைக்கு நேரே வைத்தாள்.

"இந்தக் கறுப்பு இன்னும் கொஞ்சம் இங்கால இருந்தது," என்றாள் சின்னவள்.

"இல்லை," என்றாள் அருந்ததி. சின்னவள் அதற்குமேல் கதைக்கவில்லை.

ஒழுங்கை முனையில் ஒரு ஜீப் உறுமிக்கொண்டு போனது. நாகேந்திரத்தின் தலை வாசல் பக்கம் திரும்பியது. ஒரு கால் தானாகவே எழும்பியது.

"மாமா, உங்கட முறை."

அவர் கதிரையை இழுத்துப் போட்டு இருந்தார். ஸ்ட்ரைக்கரை வைத்தார். இருந்து அடித்துப் பழக்கமில்லாத கை. சிவப்பு மூலையில் இடித்துத் திரும்பி வந்து நடுவில் நின்றது.

"ஐயோ அப்பா!" என்றாள் பெரியவள்.

அவர் எழும்பவில்லை. அடுத்த முறை வரும்வரை, மேசையில் பாலேஸ்வரி வைத்துவிட்டுப் போன தேநீரை எடுத்துக் குடித்துக்கொண்டிருந்தார்.