வியர்க்கும் தரை

ஆம்பூரில் எங்கள் கல்யாணம் நிச்சயமானதும் என் வீட்டுக்காரர் தன் கையாலேயே ஓர் அறை கட்டினார். அவருக்குத் தோல் பதனிடும் ஷாப்பில் மேஸ்திரி வேலை. பகலெல்லாம் பச்சைத் தோலும் சுண்ணாம்புத் தொட்டியுமாகக் கிடக்கிறவருக்கு, படுக்கிற இடத்திலாவது அந்த நாற்றம் வரக்கூடாது என்று வைராக்கியம். அதனால் ஷாப்பைப் பார்த்திருந்த ஒரே ஜன்னலையும் செங்கல் வைத்து அடைத்துவிட்டார். அவர் சட்டையோடு அந்த நாற்றம் தினமும் உள்ளே வந்துகொண்டுதான் இருந்தது. புதுப்பெண் நான், அந்தச் சட்டையை வாங்கிக் கொடியில் போட்டேன்.

அறை எப்போதும் புழுங்கும். பாய் ஈரம் கோத்துக் கிடக்கும், மடித்து வைத்த புடவையில் பூசணம் பூக்கும். அதெல்லாம் எனக்கு எரிச்சல், அவ்வளவுதான். மகள் பிறந்து அங்கே படுக்க ஆரம்பித்த பிறகுதான் பயம் வந்தது. கைக்குழந்தைக்கு இழுப்பு. மூச்சு விடும்போதெல்லாம் துருப்பிடித்த கதவுக் கீல் மாதிரி சத்தம் வரும், விலா உள்ளே குழியும். அக்கம்பக்கத்தார் சொன்னபடி சாம்பிராணியும் வேப்பிலையும் போட்டுப் புகைத்தோம். அடைத்த அறையில் புகை போட்டால் எங்கே போகும்? குழந்தை நீலம் பாரித்துவிட்டது.

அன்றைக்கே ரயிலேறிக் காட்பாடியில் இறங்கி, ஜட்கா வண்டி பிடித்து வேலூர் ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். டாக்டரம்மா மருந்து கொடுத்துவிட்டு, குழந்தை எங்கே படுக்கிறது என்று கேட்டார். சொன்னேன். புகையை நிறுத்தி ஜன்னலைத் திறக்கச் சொன்னார். அறை காயாவிட்டால் மருந்தெல்லாம் வீண், இன்னொரு தடவை இப்படி வந்தால் குழந்தை தாங்காது என்றார்.  வீடு வந்ததும் என் வீட்டுக்காரர் செங்கலைப் பிடுங்கினார்.

காற்று வந்தது, நாற்றமும் வந்தது, தரை மட்டும் காயவில்லை. மழையில்லாத நாளிலும் கால் வைத்தால் சுவடு பதிந்தது. குழந்தையை வேறு எங்கே போடுவது? மிச்சமிருந்தது அடுப்படி ஒன்றுதான், அங்கே விறகுப் புகை.

ஒரு நாள் குழம்புக்கு உப்பு எடுக்கச் சாடியைத் தூக்கினேன். அடியில் தண்ணீர் தேங்கியிருந்தது. கல்லுப்பு கசிவது ஒன்றும் அதிசயமில்லை. ஆனால் அன்று எனக்கு உறைத்தது. அறைத் தரைக்கடியில் என்ன கொட்டினீர்கள் என்று கேட்டேன். கரையான் வராமலிருக்கத் தோல் உப்பு என்றார், பெருமையாக. பச்சைத் தோல் கெடாமலிருக்க உப்புத் தடவித்தான் ஷாப்புக்கு வரும். உதறிக் கொட்டும் அந்த உப்பை மற்றவர்கள் தரைக்குக் கைப்பிடி தூவுவார்கள். இவர் பெண்டாட்டிக்குக் கட்டுகிற அறையாயிற்றே என்று மூட்டை மூட்டையாகக் கொண்டுவந்து, அதில் ஒட்டியிருந்த மயிரைப் பொறுக்கி எறிந்து, மண்ணோடு சேர்த்து இடித்திருக்கிறார். உப்பிட்டவரை உள்ளளவும் நினை என்பார்கள். நான் தரையைத் துடைத்துத் துடைத்து நினைத்துக்கொண்டிருந்தேன்.

அந்த உப்புதான் ஈரத்தை இழுக்கிறது என்றேன். அவர் ஒப்புக்கொள்ளவில்லை.

"இன்னாமே பேசற? உப்பு போட்டா தோலே காயுது. தரை எப்டி ஈரமாவும்?"

நான் சாடியை அவர் முன்னால் வைத்தேன். அவர் அதைப் பார்த்தார். பிறகு அறைக்குள் போய்க் குனிந்து, தரையில் விரலை வைத்து, அந்த ஈரத்தை நாக்கில் தொட்டுப் பார்த்தார்.

"கரிக்குது," என்றார்.

கடப்பாரை எடுத்துத் தான் கட்டிய தரையைத் தானே பெயர்த்தார். வேலை விட்டு வந்து தினமும் கூடை கூடையாக அள்ளி வெளியே கொட்டினார். அடியில் உப்பில்லாத மண் தெரிந்ததும் பாலாற்று மணலைக் கொண்டுவந்து நிரப்பினார். வெயிலும் காற்றும் பட்டு அறை நன்றாகக் காய்ந்த பிறகுதான் குழந்தைக்கு அங்கே தூளி கட்டினோம்.

ஷாப்பு லீவு விட்ட ஒரு நாள் மத்தியானம், நான் கொல்லையில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தேன். அவர் வாசற்படியில் வந்து நின்றார். முகத்தில் ரத்தமே இல்லை.

"பாப்பா கிட்ட சத்தமே வரல. நீ வந்து பாரு."

கரிக் கையோடு ஓடினேன். மூக்கடியில் விரலை வைத்தேன். சூடாக மூச்சு பட்டது. தூங்கிக்கொண்டிருந்தாள். அவருக்கு நம்பிக்கை வரவில்லை. நெஞ்சில் கையை வைத்து, அது ஏறி இறங்குவதை வெகுநேரம் பார்த்தார். பிறகு அப்படியே மணலில் உட்கார்ந்து அழுதார். நானும் அழுதேன். அந்தக் கீல் சத்தம் இல்லாமல் அவள் தூங்கி நாங்கள் பார்த்ததே இல்லை.